பந்தல்குடி வீட்டுக் கூடத்துச் சுவர்

என் வயதொத்தவர்களில் பெயிண்ட் கடை வீட்டில் பிறந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். ஆனாலும் அந்தக் காலத்து எனாமல் டப்பா உங்கள் எல்லோருக்கும் தெரியும். தீர்ந்துபோன டப்பாவில் துளசி வைத்திருப்பீர்கள், மாட்டுக்குத் தவிடு அளந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் மோந்து குளிப்பதற்கே அப்படி ஒரு டப்பாதான் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அதில் டர்பன்டைன் வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்த வாடையைச் சொல்லியே வேறு பெஞ்சுக்கு மாறிப் போனாள்.

அப்பாவின் கடை அருப்புக்கோட்டையில் இருந்தது. பெயிண்ட், வார்னிஷ், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் விற்றோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. தெரு வாய்க்காலில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும். ஒரு நாள் ஊதாவாக ஓடும், ஒரு நாள் அரக்காக ஓடும். குழாயில் குடிதண்ணீர் வருவதுதான் அபூர்வம். வாய்க்காலில் நிறத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. கல்யாணத்துக்கு முன்னால் கடையில் கலர் கலந்து கொடுப்பது அவள் வேலை. லாரிக்காரர்கள் வந்து, நேற்று பார்த்த ஒரு வண்டியின் நிறத்தை வாயால் சொல்லிக் கேட்பார்கள். அத்தை மூன்று டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்கி, குச்சியைத் தூக்கிக் காட்டுவாள். சில சமயம் கேட்ட நிறம் வந்துவிடும். சில சமயம் வேறு ஏதோ வரும். அதையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவளைப் பந்தல்குடியில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூத்துக்குடி ரோட்டின்மேல் தார்ப்பாய், கயிறு, லாரிச் சாமான் கடை. மாமா அதிகம் பேசாத மனிதர். தீபாவளிக்கு இருவரும் வந்தால், சாப்பிடும்போது அத்தை அவர் காதில் ஏதாவது சொல்வாள். அவருக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வரும். அம்மாவுக்கு அது பிடிக்காது. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் இது என்ன பழக்கம் என்று எங்களிடம் முணுமுணுப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமாவின் அம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்துச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அத்தை ஆசையாகக் கேட்டபோது, வெள்ளையைத் தவிர வேறு நிறம் கண்ணுக்குக் கெடுதி என்று அந்த அம்மாள் முடித்துவிட்டாராம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். பந்தல்குடியிலிருந்து லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் கடை வாசலில் இறங்கி, உங்க தங்கச்சி வீட்ல என்னமோ சரியில்லையாம், ஒரு எட்டு வந்து பாக்கச் சொன்னாக என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அடுத்த பஸ்ஸில் போனார். சாயங்காலம் அத்தையோடு திரும்பி வந்தார்.

அத்தையின் காது மடலில் மஞ்சள் எனாமல் காய்ந்து ஒட்டியிருந்தது. நகக்கண்ணெல்லாம் பச்சை. அம்மா துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிட்டாள். என்ன நடந்தது என்று நாங்கள் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டோம். அத்தையின் மாமியார் ஊர்ப் பெண்களோடு காசி யாத்திரை போயிருந்தார். அந்த நாட்களில் அத்தை, வீடு கட்டி மீந்த பெயிண்டையும் கடையில் கிடந்த லாரி பெயிண்டையும் சேர்த்து வைத்து, கூடத்துச் சுவர் முழுவதும் ஏதோ அடித்துவைத்திருந்தாள். மாமியார் கங்கைச் செம்போடு வாசல்படி ஏறினார். சுவரைப் பார்த்தார். செம்பைக் கீழே வைக்காமலே வெளியே போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டார். மகன் வந்து எவ்வளவோ கூப்பிட்டும், அவளை அனுப்பின பிறகுதான் உள்ளே வருவேன் என்று சொல்லிவிட்டார்.

மாமா என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். லாரி வரத்து அதிகம் என்பதால் அந்த நாட்களில் கடையிலேயே படுத்துக்கொண்டதாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாராம்.

அத்தை எங்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. அழுதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் போல. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தாயத்து வந்தது. அத்தை அதைக் கட்டிக்கொண்டாள். மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் அத்தையிடம் வெகுநேரம் பேசிவிட்டு, இவுகளுக்கு ஒண்ணுமில்ல, ரத்தம் கொஞ்சம் கம்மி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். டாக்டர் சொன்னதை அப்பா உட்பட ஒருவரும் நம்பவில்லை. ஒன்றும் இல்லாதவள் ஏன் அப்படிச் செய்வாள் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

மாமியார் வீட்டார், பெண்ணுக்குச் சித்தம் சரியில்லை, கல்யாணத்தைத் தீர்த்துவிடுங்கள் என்று உறவின்முறைப் பெரியவர்களிடம் சொன்னார்கள். பெரியவர்கள் அந்தச் சுவரை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். இது எங்களுக்குச் சாதகம் என்று அப்பா நினைத்தார். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. என் அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. சித்தம் கலங்கிய அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றால் எவன் பெண் கேட்டு வருவான்?

யோசனை சொன்னது அம்மா. சுவரில் பச்சையும் நீலமும் நிறைய இருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். தோகை விரித்த மயில் என்று சொல்லிவிட்டால் போதும், முருகனுக்கு வேண்டிக்கொண்டு வரைந்தேன், சரியாக வரவில்லை என்று சொன்னால் யார் என்ன கேட்க முடியும் என்றாள். அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. அத்தையை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“மயிலுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மத்தத நாங்க பாத்துக்கிர்றோம்” என்றார் அப்பா.

“சரிண்ணே” என்றாள் அத்தை.

குறித்த நாளில் வாடகை வேன் பிடித்துப் போனோம். என்னையும் அக்காவையும் வீட்டில் தனியாக விட முடியாது என்று கூட்டிப் போனார்கள். ரோட்டோரம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிக்கு மூட்டம் போட்டிருந்தார்கள். கரிப்புகை வேனுக்குள் வந்துகொண்டே இருந்தது. அத்தை ஜன்னலோரம் தலையை வெளியே நீட்டாத குறையாக உட்கார்ந்திருந்தாள். மாமாவைப் பார்க்கப் போகிறாள் அல்லவா, புதுச் சேலை கட்டியிருந்தாள்.

அந்தச் சுவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூடத்துக்குள் நுழைந்தவுடன் எதிரே இருந்தது. தரையை ஒட்டிக் காவிச் சிவப்பு, கட்டி கட்டியாக, சில இடங்களில் கையால் அப்பியது போல. அதன்மேல் லாரி மஞ்சள் அகலப் பட்டைகளாகச் சாய்ந்து கிடந்தது. ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை, ஒரு ஓரத்தில் கிளம்பி, பாதிச் சுவர் வந்ததும் காரணமில்லாமல் நின்றுபோயிருந்தது. வட்டம் என்று சொல்ல முடியாத ஒரு வட்டம், வெள்ளையும் ரோஸும் கலந்து. இரும்புக் கம்பிக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்ட் அங்கங்கே கோடாக ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே, மேல்தளத்தை ஒட்டி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நீலம். பிரஷ் போன தடமெல்லாம் தெரிந்தது. பெயிண்ட் வழிந்து சொட்டிக் காய்ந்த இடத்தில் ஒரு ஈ ஒட்டியிருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. சாப்பிடுகிற பொருள் ஒன்றும் அங்கே இல்லை. ஏன் ஊறியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெரியவர்கள் ஜமுக்காளத்தில் உட்காராமல் சுவருக்கு எதிரே வரிசையாக நின்றுவிட்டார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் சுவரில் எதையாவது கண்டுபிடிக்கவே முயன்றார்கள். ஒருவர் தேர் என்றார். இன்னொருவர், இல்லப்பா, தீச்சட்டி என்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்த ஒருவர், தள்ளி நின்று பார்த்தால் கண்மாய் தெரிகிறது என்று மற்றவர்களைப் பின்னால் இழுத்தார். அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது.

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார். அத்தனை உயரத்துக்கு ஒரு பொம்பளை கை எட்டுமா என்று கேட்டார். நான் இல்லாத வீட்டுக்குள்ள லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற எவன் வந்து போனானோ என்றார். அம்மா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள்.

திருச்சுழியில் பருத்தி கமிஷன் கடை வைத்திருந்தவர்தான் அவர்களில் மூத்தவர். நல்ல மனிதர். அத்தையை முன்னால் கூப்பிட்டார்.

“தாயி, இம்புட்டு ஒசரத்துக்கு நீ தனியாவா அடிச்ச?”

அத்தை சுவரைப் பார்க்கவில்லை. வாசற்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே மாமா நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஆமாங்க பெரியப்பா. நாந்தான். வேற யாரும் வரல.”

பெரியவர் தலையாட்டினார். அவருக்கு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்று இருந்திருக்க வேண்டும். குரலை இன்னும் தாழ்த்தி, “மயிலுதான இது? ஒங்க அண்ணன் சொன்னாப்ல” என்று கேட்டார்.

“இல்லங்க.”

“பின்ன என்னம்மா?”

“மயிலு வேணும்னா மயிலே வரைஞ்சிருப்பேன். இது எது மாதிரியும் இல்ல. இந்தச் செவப்புக்குப் பக்கத்துல அந்த மஞ்ச இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான்.”

அப்பா முன்னால் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். பெரியவர் கையமர்த்தினார். அவர் கடைசியாக ஒரு வழி வைத்துக் கேட்டார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே இப்பிடிச் செய்யமாட்டேல்ல?”

“செய்வேன்” என்றாள் அத்தை.

அதோடு முடிந்தது. தீர்த்துவிட்டார்கள். சீர்ப் பாத்திரங்களை அதே வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அண்டாவும் குத்துவிளக்கும் கால்மாட்டில் உருண்டன. அம்மா வழியெல்லாம் அழுதாள். ஒரு பொய் சொல்ல வணங்காத வாய், நல்ல வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட வாய் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அத்தைக்கு மூளை கலங்கியதில் சந்தேகம் இல்லை என்று அன்றைக்கு அப்பா தீர்மானித்துவிட்டார். ரொம்ப காலம் அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு வரன் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, காரியாபட்டிப் பக்கத்திலிருந்து. மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பற்றி விசாரித்தார்கள்தான். பிறகு, வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று அவளிடமே கேட்டார்கள்.

அத்தை மறுபடி கடையில் உட்கார்ந்தாள். முதலில் அப்பாவுக்கு விருப்பமில்லை. பிறகு, வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதைவிடக் கண்ணெதிரே இருப்பது மேல் என்று விட்டுவிட்டார். கலக்கி மீந்ததை வைத்து அவள் எதிலாவது அடித்துக்கொண்டே இருந்தாள். ஒட்டுப்பலகையில் அடித்த ஒன்றைப் பேங்க் மேனேஜர் ஒருவர் கேட்டு வாங்கித் தன் அறையில் மாட்டினார். பேங்க் வேறு கட்டிடத்துக்குப் போனபோது அது எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னொன்று எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்து இற்றுப்போனது. கடையின் ஷட்டரில் ஒன்று அடித்தாள். கடை திறந்திருக்கும்போது அது சுருண்டு மேலே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்போதுதான் தெரியும். டவுன் பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்தைக் கலர்க்கடை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பின்னால் ரோட்டை அகலப்படுத்தியபோது ஷட்டர் பழைய இரும்புக்குப் போனது. எதைப் பற்றியும் அத்தை வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் இன்று அவள் அடித்தது ஒன்றும் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை.

பந்தல்குடிச் செய்தி லாரிக்காரர்கள் மூலம் வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு மறு வருஷமே வேறு கல்யாணம் ஆனது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாமியார் பொங்கலுக்குப் பொங்கல் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வாராம். ஆடிக் காற்றுக்குள் எல்லாம் பொடியாக உதிர்ந்து, பழையபடி மஞ்சளும் பச்சையும் எட்டிப் பார்க்குமாம்.

“எனாமல் மேல சுண்ணாம்பு எப்பிடி நிக்கும்?” என்று அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. வெள்ளை எனாமல் ஒரு கோட்டிங் கொடுத்தால் முடிந்த வேலை, மாமா ஏன் அதைச் செய்யவில்லை என்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. லாரிச் சாமான் விற்கிறவருக்கு எனாமலா கிடைக்காது? சரியான கஞ்சன் என்று முடிவுகட்டினார்.

தொண்ணூறுகளின் நடுவில் மாமியார் இறந்துபோனார். நான் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். அடக்கமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, துட்டி கேட்டுவிட்டு வருகிறேன் என்று அத்தை கிளம்பினாள். உறவே அறுந்த வீட்டுக்கு என்ன துட்டி என்று அம்மா தடுத்தாள். அத்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் என்னைக் கூடப் போகச் சொன்னார்கள்.

மாமா மொட்டை போட்டு வராந்தாவில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். அத்தையைக் கண்டதும் எழுந்து நின்றார். அத்தை தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். அவருடைய இரண்டாவது மனைவி, வாங்கக்கா என்று சொல்லிப் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தாள். கெட்டிக்காரி, யாரென்று கேட்கவில்லை. மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு மெதுவாகத் தொடர்ந்தார்கள்.

எதிரே சுவர். சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. கீழே நிறங்கள் மங்கவில்லை. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, மாமாவின் மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல் விழுந்து முளைக்கிற வயசு. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிப் பழகியவள் போலச் சொன்னாள்.

“கீழ இருக்கதெல்லாம் பெரியம்மா அடிச்சது. மேல இருக்க நீலம் மட்டும் எங்கப்பா அடிச்சாக.”

“யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

“அப்பாதான். ஏணியில நின்னு அடிச்சாகளாம். பெரியம்மா ஏணியப் பிடிச்சுக்கிட்டாகளாம். அதான் அத அழிக்க வேண்டாம்னு அப்பத்தாகிட்ட சண்ட போடுவாக.”

நான் அத்தையைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. அந்தப் பெண் சொல்கிற பெரியம்மா யாரென்று அத்தை அவளிடம் சொல்லவில்லை. மேலே நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆமா, நல்லாத்தான் அடிச்சிருக்காரு” என்றாள்.

துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் வசதியாக இருந்தது. சொல்லாமல் எழுந்து வந்தோம். மாமா கேட் வரைக்கும் வந்து நின்றார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஒரு தடவை பார்த்தேன்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அந்தக் குழந்தை சொன்னது நிஜமா என்று கேட்டேன். அத்தை மறைக்கவில்லை. அந்த நாட்களில் மாமா கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்துவிடுவாராம். முதலில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு பிரஷைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாராம். முகமெல்லாம் நீலம் சொட்டி, ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியதாம். சட்டையில் பட்ட பெயிண்ட் போகாததால் அந்தச் சட்டையைக் கிணற்றில் போட்டுவிட்டாராம். அவள் அதைச் சொல்லும்போது அவர்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்படியென்றால் அன்றைக்குப் பெரியவர்கள் கேட்டபோது அவரைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே என்றேன். ஊரே உன்னைப் பைத்தியம் என்றதே, அதற்கு மேலும் ஒரு பேச்சு வந்ததே.

“நான் எதுக்குச் சொல்லணும்? அவுகளே சொல்லுவாகன்னு பாத்தேன்” என்றாள். வெளியே கரிமூட்டம் எதுவும் இல்லை, வெறும் பொட்டலாகப் போய்க்கொண்டிருந்தது. “அன்னைக்கு அவுக வாயத் தொறந்து ‘நானுந்தான்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பெரியவுக என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லிட்டு அந்த வீட்லயே கெடந்திருப்பேன்.”

இத்தனை காலம் அம்மாவும் அப்பாவும் நானும், ஒரு பொய் சொல்லத் தெரியாததால் வாழ்க்கையை இழந்தவள் என்று அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஊர் வருகிறவரை நினைத்தேன். சொல்லவில்லை. அப்பா இறந்து, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, இப்போதுதான் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டைக்குள் பஸ் திரும்பியதும் அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு மணி கேட்டாள். போனவுடன் தலைக்கு ஊற்றிவிட்டுக் கடையைத் திறக்க வேண்டும், கலர் கேட்ட ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள். பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.